மூன்றாம் எண் கூண்டு

ராயபுரத்தில் போய் எபினேசர் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கூண்டு எபி என்று கேட்க வேண்டும். கேட்டால் கல்மண்டபத்துச் சந்துக்குள் கூட்டிக்கொண்டு போய், இரண்டாவது மாடியில் கதவைத் தட்டியும் கொடுப்பார்கள். திறக்கிறவர் ஒல்லியாக, உயரமாக, எந்நேரமும் ஜன்னல் பக்கம் ஒரு கண் வைத்தபடி இருப்பார். வானத்தைப் பார்க்கிற பழக்கம். வேலையை விட்டு வந்தும் அது மட்டும் போகவில்லை.

மழைக்காலத்தில் பேப்பரில் வருமே, சென்னை துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று. ஏற்றப்பட்டது என்றால் தானாகவா ஏறும்? கொட்டுகிற மழையில் யாராவது ஒருத்தன் கொடிமரத்தடியில் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த ஒருத்தன் எபினேசர்தான். கறுப்புச் சாயம் பூசிய கூம்பும் பீப்பாயும்தான் கூண்டு. பொழுது சாய்ந்தால் அதற்குப் பதிலாக சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். வானிலை ஆபீசிலிருந்து செய்தி வந்ததும் எந்த எண்ணோ அதற்குரியதை ஏற்றிவிட்டு, கீழே நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஊரே அவர் ஏற்றியதைப் பார்த்துத்தான் படகைக் கட்டியது, ஜன்னலைச் சாத்தியது. அந்தப் பெருமை மனுஷனுக்கு நிறையவே இருந்தது.

கடலோரத்து ஆட்களுக்கு அந்த எண்கள் அத்துப்படி. ஒன்று, இரண்டு என்றால் எங்கோ நடுக்கடலில் என்னவோ கிளம்பியிருக்கிறது. மூன்று, நான்கு என்றால் காற்றும் மழையும் வரலாம், உஷாராக இரு. ஆபத்து என்ற பேச்சே ஐந்தில்தான் தொடங்கும். எட்டு, ஒன்பது, பத்து என்று போனால் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஜெபம் பண்ண வேண்டியதுதான். பதினொன்று என்றால் வானிலை ஆபீசோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி அவரவர் பாடு. மூன்றாம் எண்ணுக்கு விசைப்படகு போகாது, அது சர்க்கார் உத்தரவு. ஆனால் காசிமேட்டு மீன்பிடித் துறையில் ஒருத்தனும் அதற்குப் பயப்பட மாட்டான். சீட்டுக் கச்சேரி நடக்கும், வலை பின்னுவார்கள், கல்யாணப் பந்தல்கூடப் போடுவார்கள். பாதி நாள் தூறல்கூட விழாது.

எபினேசர் ஓய்வு பெற்ற மறு வருஷமே ரோஸ்மேரி போய்ச் சேர்ந்துவிட்டாள். சிறுநீரகக் கோளாறு. அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான் என்பது அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் சமைத்துக்கொண்டே பேசுவாள், துணி உலர்த்திக்கொண்டே பேசுவாள், இவர் ம் கொட்டுவார். இப்போது ம் கொட்டக்கூட ஆள் இல்லை.

ஒரே மகள் ஜெனி. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நன்றாகத்தான் இருந்தாள். கூட வேலை பார்க்கிறவர்களோடு லீவு போட்டுக்கொண்டு பனிமலை பார்க்கப் போனவள், திரும்பி வந்த நாள் முதல் வீட்டில் கால் தரிக்காமல் இருந்தாள். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு அங்கேயே மலையேறும் படிப்புக்குச் சேர்ந்தாள். இப்போது மணாலிக்கு மேலே ஒரு சின்ன ஊரில், மலையேறக் கூட்டிப்போகும் கம்பெனி ஒன்றில் வழிகாட்டி. அவள் கிளம்பிய அன்று எபினேசர் சென்ட்ரல் வரை போய்ப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போய் வா என்று சொல்ல மனசு வரவில்லை. பேசாமல் கையை ஆட்டினார்.

ரோஸ்மேரி இருந்தவரை போன் அவள் கையில்தான் இருந்தது. அம்மாவும் மகளும் மணிக்கணக்கில் பேசுவார்கள். இவர் பின்னால் நின்று, "நா கேட்டேன்னு சொல்லு" என்பார். அவள் போன பின் போன் நேராக இவர் கைக்கு வந்தது. வந்து என்ன செய்ய?

"சாப்டியா?"

"சாப்டேன் நைனா. நீ?"

"ஆச்சு."

அதற்கப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடும் சத்தம்தான் கேட்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வைக்கட்டுமா என்பாள் ஜெனி. சரிம்மா என்பார். வைத்த பிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். திரும்பக் கூப்பிடக் கூச்சமாக இருக்கும். பெற்ற பெண்ணிடம் என்ன கூச்சம் என்று நாம் கேட்கலாம். அது இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இது மாறியது அக்டோபரில். மலையில் அந்த வருஷத்து முதல் பனி விழுந்திருந்தது. ஜெனி வழக்கம் போலச் சாப்பாடு விசாரித்துவிட்டுத் திடீரென்று சொன்னாள்.

"நைனா, இங்கயும் டெய்லி நம்பர் போட்றாங்க. பனி சரியுமா சரியாதான்னு. உன் கூண்டு மாரிதான்."

எபினேசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னிக்கு எத்தினி போட்டுகீறான்?"

"ஒண்ணு."

"காத்து எந்தப் பக்கம்?"

அன்றைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். அவர்தான் பேசினார். ஒன்றாம் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது, காற்று திடீரென்று நின்றுபோனால் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று ஒன்றையும் விடவில்லை. போனை வைத்தபோது காது சூடாகியிருந்தது. எத்தனையோ மாதம் கழித்து அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

அதிலிருந்து தினமும் அந்தப் பனிச்சரிவு அறிக்கையைப் படமாக அனுப்பிவிட்டு ஜெனி கூப்பிடுவாள். படத்தின் மூலையில் பெரிதாக ஓர் எண் இருக்கும். அவர் அதை மட்டும் பார்ப்பார். மற்றதெல்லாம் பொடி எழுத்து ஆங்கிலம். கண்ணுக்கும் எட்டாது, பொறுமைக்கும் எட்டாது. எண் தெரிந்தால் போதாதா? முப்பது வருஷம் எண்ணோடு புழங்கியவருக்கு யார் வந்து பாடம் எடுப்பது? "இன்னிக்கு ரெண்டு போட்டுகீறான் நைனா, போலாமா?" என்பாள் அவள். இவர் காற்றை விசாரிப்பார், மேகத்தை விசாரிப்பார், யோசிப்பது போலக் கொஞ்சம் இடைவெளி விட்டு உத்தரவு கொடுப்பார்.

காலையில் முகம் மழிக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று நாலு பேரிடம் பேசினார். பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் மஜீது இவருக்குப் பள்ளிக்கூடத்து தோஸ்து. அவனிடம் போய், "என்னாண்ட கேக்காம என் பொண்ணு ஒரு அடி எடுத்து வெக்காது மாமு" என்றார். மஜீது டீயை ஆற்றிக்கொண்டே, "உன் பொண்ணாச்சே" என்றான். அதில் கிண்டல் இருந்ததோ என்னவோ, எபினேசர் கண்டுகொள்ளவில்லை.

நவம்பர் நடுவில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வந்து உட்கார்ந்தது. சென்னை துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று என்று டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படித்தார்கள். எபினேசர் வெளியே எட்டிப் பார்த்தார். மேகம் மூட்டமாக இருந்தது, காற்று இல்லை. சாலையில் கன்டெய்னர் லாரிகள் எப்போதும் போலத் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றன. பஜ்ஜிக் கடையில் கூட்டம். அவர் ஒரு பஜ்ஜி வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தபோது ஜெனி கூப்பிட்டாள்.

"நைனா, இன்னிக்கு மூணு போட்டுட்டான்."

எபினேசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கயும் மூணுதாம்மா. இப்பதான் ஏத்திகீறாங்க. ஜனம் பஜ்ஜி துன்னுகினு நிக்கிது."

"பெங்களூர்லருந்து ரெண்டு பசங்க வந்துகீறாங்க நைனா. கணவாய் ஏறி அந்தாண்டப் பக்கம் எறங்கணும்னு கேக்கறாங்க. இந்த சீசன்ல யாரும் இன்னும் அந்தப் பக்கம் போவல."

"பனி எப்டி கீது?"

"அதான் நைனா. அக்டோபர்ல உழுந்துச்சே மொதப் பனி, அது வெயிலுக்கும் போவாம, ராத்திரி குளிர்ல கீழயே கெடந்து சக்கர மாரி பொலபொலன்னு ஆயிடிச்சி. கையில புடிச்சா ஒட்டவே மாட்டுது. இப்ப ரெண்டு நாளா அதுக்கு மேல புதுப் பனி. காத்து வேற மேற்குலருந்து அடிச்சி இந்தாண்டச் சரிவுல கொண்டாந்து கொட்டி, இறுக்கி, பலக மாரி ஆக்கி வெச்சிகீது."

"முகத்துவாரத்துல மணல் தள்றா மாரி."

"அதே மாரிதான். அடியில சக்கர, மேல பலக. நாம போயி அது மேல ஏறி நடந்தா..."

"எவ்ளோ ஒசரம் கீது பனி?" என்று இடைமறித்தார் எபினேசர்.

"முட்டிக்கு மேல. சில எடத்துல இடுப்பு வரிக்கும்."

"இன்னும் குளிர்காலமே வரல. முட்டி அளவு பனியில இன்னாம்மா சரியப் போவுது? மலை மலையா குமிஞ்சா சரி, அப்ப பேஜாரு." குரலைக் கனமாக்கிக்கொண்டார். "மூணெல்லாம் ஒரு கூண்டாம்மா? நா எத்தினி மூணு பாத்துகீறேன். தைரியமா போயிட்டு வா. அஞ்சு ஏத்துனான்னா சொல்லு, அப்பால பாக்கலாம்."

ஜெனி சிரித்தாள். "சரி நைனா. மேல டவர் இருக்காது. எறங்கிட்டு கூப்புட்றேன்."

உத்தரவு கொடுத்த திருப்தியோடு எபினேசர் மாடிப்படி ஏறினார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தவருக்குத் தூக்கம் வரவில்லை. ரொம்ப நாளாக ஓர் ஆசை இருந்தது. அந்த ஊரில் கூண்டு எப்படி இருக்கும்? கூம்பா, பீப்பாயா, கொடியா? படத்தில் எங்காவது போட்டிருப்பார்கள் என்று, புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலையில் ஜெனி அனுப்பிய படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார்.

கூம்பு இல்லை. அடியில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. பச்சையில் ஒன்று, மஞ்சளில் இரண்டு, ஆரஞ்சில் மூன்று, சிவப்பில் நான்கு, கறுப்பில் ஐந்து. ஆறைத் தேடிப் படத்தை இடப்பக்கம் தள்ளினார். படம் முடிந்துவிட்டது. அடுத்த வரியில் இருக்கும் என்று கீழே தள்ளினார். அங்கே தேதியும் ஒரு முத்திரையும்தான். படம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்து, முந்தின நாள் படத்தை எடுத்தார். அதிலும் ஐந்துதான். அதற்கு முந்தின நாள், ஐந்து. ஆறு எங்கேயும் இல்லை.

மூன்றுக்குப் பக்கத்திலிருந்த பொடி எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். துறைமுகத்து ஆங்கிலம் அதற்குப் போதும். செங்குத்தான சரிவில் ஓர் ஆள் ஏறினாலே பனி பிளந்துகொண்டு வரக்கூடும், போகிற பாதையைத் தேர்ந்தெடுக்க அனுபவம் வேண்டும் என்று போட்டிருந்தது. மலை மலையாகக் குவிய வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை.

 ஐந்து என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அது இவருடைய பத்து. அஞ்சு ஏத்துனா சொல்லு என்று எந்த வாய் சொன்னது? பலகை மேல ஏறி நடந்தா என்று அவள் சொல்ல வந்ததை முடிக்க விட்டாரா? இடையில் புகுந்து உயரம் கேட்டார். கரையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டு, பெற்ற பெண்ணைப் போய்ச் சாவு என்று அனுப்பி வைத்திருக்கிறார்.

போன் போட்டார். ஒரு பெண் குரல் இந்தியில் என்னவோ சொல்லிவிட்டு நின்றது. திரும்பப் போட்டார். அதே குரல், அதே இந்தி.  சுவரில் ரோஸ்மேரி சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

இந்தி என்றதும் மஜீது ஞாபகம் வந்தது. ஸ்வெட்டர், கம்பளி வாங்க லூதியானாவுக்கும் டெல்லிக்கும் வருஷம் தவறாமல் போய் வருகிறவன். எபினேசர் குடைகூட எடுக்காமல் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தார். கடை இருக்கும் எம்.சி. ரோட்டில் கணுக்காலுக்குத் தண்ணீர். கடைக்காரர்கள் மூட்டைகளை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். சொட்டச் சொட்ட வந்து நின்றவரைப் பார்த்து மஜீது எழுந்தே விட்டான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஜெனி ஆபீசுக்கு ஒரு போன் போடு மாமு. இந்தியில பேசு. மேல போவாத, திரும்பி வந்துடுன்னு நா சொன்னேன்னு சொல்லு."

மஜீது வேறு கேள்வி கேட்கவில்லை. நம்பரை வாங்கிப் போட்டான். எடுத்தவரிடம் பணிவாகத்தான் ஆரம்பித்தான். போகப் போகக் குரல் உயர்ந்து, உருதும் இந்தியுமாகக் கலந்து கடைக்கு வெளியே வரை கேட்டது. எபினேசருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மஜீதின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போனை மூடிவிட்டு மஜீது சொன்னான். "காலைல கெளம்பிட்டாங்களாம். நோட்டுல கணவாய்னுதான் எழுதிகீதாம். அங்க போனு எடுக்காதாம், வயர்லெஸும் கெடையாதாம். அப்பால போறதா வேணாமான்றது வழி காட்றவங்க முடிவுன்றான். நல்ல பொண்ணு, பயப்படாதீங்கன்றான். எறங்கி வந்தா நாளிக்கு கூப்புடுவாங்களாம்."

"வந்தா," என்றார் எபினேசர்.

"உக்காரு மொதல்ல. இன்னா மேட்டரு, சொல்லு."

எபினேசர் சொன்னார். பதினொன்றையும் ஐந்தையும் சொன்னார், பஜ்ஜியைக்கூட விடாமல் சொன்னார். மஜீது துண்டை எடுத்து அவர் தலையைத் துடைத்துவிட்டான்.

"அவ படிச்சிட்டு வந்த பொண்ணுடா. அவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் என்னாண்ட கேட்டா மாமு. கொழப்பமா இருந்துச்சி, அதான் கேட்டா. நா போன்னு சொன்னேன். என் பேச்சத் தாண்ட மாட்டா அவ."

 ராத்திரி வீட்டுக்கு வந்துவிடு, வீட்டுக்காரி ஆப்பம் சுடுவாள், ஒண்டியாக இருக்காதே என்றான் மஜீது. எபினேசர் கேட்கவில்லை. மஜீதின் வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்காது, போன் வந்தால் தெரியாது என்று ஒரு சாக்கு. உண்மையில், அவருக்கு யாருடைய ஆறுதலும் வேண்டியிருக்கவில்லை. ஆறுதலுக்கு அருகதை இல்லாத ஆள் என்று தன்னை முடிவு கட்டிவிட்டார்.

அந்த ராத்திரியை எப்படிக் கழித்தார் என்று சொல்ல ஒன்றுமில்லை. தூங்கவில்லை, அவ்வளவுதான். விடிந்ததும் மழை விட்டிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகம் வரை நடந்தார். ஏன் போனார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். மதிலுக்கு வெளியே நின்று பார்த்தால் கிரேன்களும் கன்டெய்னர் அடுக்குகளும்தான் தெரிந்தன, கொடிமரம் தெரியவில்லை. வாசலில் நின்ற காவலாளி புது ஆள். "இன்னா பெர்சு, யாரு வேணும்?" என்றான். யாரும் வேண்டாம் என்றார். முப்பது வருஷம் போய் வந்த வாசலில் அவரைத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. வீட்டிலும் ஒருத்தரும் இல்லை. மலையில் இருந்த ஒருத்திக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. இவ்வளவு பெரிய ஊரில் தன்னந்தனியாக நிற்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. ரோஸ்மேரியைப் புதைத்துவிட்டு வந்த அன்றுகூட அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு ஜெனி பக்கத்தில் நடந்து வந்தாள்.

திரும்பி நடந்தார். நடக்கும்போதே கையில் போனை வைத்திருந்தார். பால் வாங்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது, வாங்காமலே கடையைத் தாண்டினார். லாரிகள் மறுபடி நகர ஆரம்பித்து, ஒன்றை முந்திக்கொண்டு ஒன்று ஹாரன் அடித்த நேரத்தில்தான் போன் கையில் அதிர்ந்தது. ஜெனி பேர். காதில் வைத்தால் ஹாரனைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "இரும்மா, இரும்மா, வெச்சிடாத" என்று சொல்லிக்கொண்டே ஓடி, எதிரில் தெரிந்த ஏடிஎம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கதவு மூடியதும் சத்தம் அடங்கியது.

"நைனா? கேக்குதா?"

 எபினேசர் ஏடிஎம் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"நைனா, ஆபீசுக்கு யாரோ போன் பண்ணி உருதுல கத்து கத்துன்னு கத்துனாங்களாமே, மஜீது அங்கிளா? இன்னா ஆச்சு? உனக்கு உடம்பு நல்லாதான கீது?"

"நீ... கணவாய் தாண்டிட்டியா?"

"இல்ல நைனா. கணவாய்க்கே போவல. கீழ காட்டுக்குள்ளயே ஒரு ராத்திரி டென்ட் போட்டு தங்கிட்டு, எறங்கிட்டோம். பசங்களுக்குத்தான் மூஞ்சி தொங்கிப் போச்சு."

எபினேசர் அந்த ஏடிஎம்முக்குள்ளேயே, சுவரோடு சாய்ந்து, குந்தி உட்கார்ந்துவிட்டார். அழுதார். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார்.

"நா போன்னு சொன்னேனேம்மா," என்றார் கடைசியில். "அஞ்சுதான் மொத்தம்னு எனக்குத் தெரியல. நேத்து மத்தியானம்தான் பாத்தேன். நா போன்னு சொல்லிட்டேன்."

"அய்யோ, அதுக்கா?" அவள் குரல் இறங்கியது. "நா முன்னாடி நாளே பனியத் தோண்டிப் பாத்துட்டேன் நைனா. கீழ பூரா சக்கரதான். உன்ன கூப்புட்றதுக்கு முன்னாடியே பசங்களாண்ட சொல்லிட்டேன், மேல போறதில்லன்னு."

எபினேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் சொன்னது மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது.

"அப்ப என்னாண்ட எதுக்கு கேட்ட?"

அவர் விடவில்லை.

"ரெண்டு போட்ட அன்னிக்கெல்லாம் கேட்டியே, போலாமான்னு. அதுவும் அப்டித்தானா?"

"கூண்டுன்னா நீ பேசுவ நைனா," என்றாள் ஜெனி. "இல்லாங்காட்டி சாப்டியா, சாப்டேன்னு வெச்சிடுவ."

"மொத்தம் அஞ்சுதான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அப்பால நீ பேச மாட்டியே."

அவள் சொன்னது சரிதான். சொல்லியிருந்தால் அன்றோடு வாயை மூடியிருப்பார். இத்தனை நாள் காலையில் முகம் மழித்து, போன் முன்னால் உட்கார்ந்து கொடுத்த உத்தரவில் ஒன்றைக்கூட அவள் கேட்டு நடக்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்குப் பெண் இல்லை. நெஞ்சு நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது, அதே நெஞ்சு வலிக்கவும் செய்தது. எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மஜீதிடமும் சர்ச் வாசலிலும் அளந்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

"நைனா? கோவமா?"

"இல்ல."

"வெக்கட்டுமா?"

வழக்கமாக சரிம்மா என்று சொல்கிற இடம் அது. நாக்கின் நுனி வரை வந்தது. எபினேசர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இரு. இன்னிக்கு எத்தினி போட்டுகீறான்?"

"மூணுதான் நைனா. இன்னும் எறக்கல."

"மூணுன்னா இன்னாம்மா?" என்றார் எபினேசர். "எனக்குத் தெரியல. நீ சொல்லு."

 அவள் அக்டோபரில் விழுந்த முதல் பனியிலிருந்து ஆரம்பித்தாள். இடையில் நிறுத்தி, "கேக்கறியா நைனா?" என்றாள். இவர் ம் கொட்டினார். வெளியே பணம் எடுக்க வந்த ஒருத்தர் கண்ணாடிக் கதவைத் தட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று எபினேசர் கையைக் காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.